ஐ.டி.ஐ. முடித்த மருமகனுக்கு: அப்ரண்டிஸா, ஒப்பந்த வேலையா?

அன்புள்ள மருமகனுக்கு,

எலக்ட்ரீசியன் பிரிவில் இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து, சான்றிதழும் கைக்கு வந்த நிலையில், ஒரகடத்தில் ஒப்பந்ததாரர் மூலம் உடனே கிடைக்கும் வேலைக்குப் போவதா, ராணிப்பேட்டையில் ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர்வதா என்று நீ யோசித்துக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். சம்பளத்தை மட்டும் பார்த்தால் ஒரகடம்தான் சரி. அப்ரண்டிஸுக்குக் கிடைக்கும் உதவித்தொகை அதற்கு ஈடாகாது. இருந்தாலும் அப்ரண்டிஸாகப் போ என்றுதான் சொல்வேன். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கும் நிலை இருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

தொழிற்சாலை எலக்ட்ரீசியனின் வேலை ஒயர் இழுப்பது என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஒயர் இழுப்பதைச் சில மாதங்களில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். தோல் தொழிற்சாலையில் டிரம் சுழற்றும் 20 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள். அதன் முழுச்சுமை மின்னோட்டம் ஏறக்குறைய 28 ஆம்பியர். பெரிய மோட்டாரை மெல்லக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே பெரும்பாலும் மோட்டாருக்குள் உள்ள கம்பிச் சுற்றுக்குப் போகும் பாதையில் இருப்பதால், அதன் வழியே ஓடுவது 28இல் 58 விழுக்காடு, அதாவது 16 ஆம்பியர்தான். இதை அறியாதவர் பெயர்ப்பலகையில் உள்ள 28ஐப் பார்த்து ரிலேயையும் 28இல் வைத்துவிடுவார். பிறகு அந்த ரிலே பெயருக்குத்தான் அங்கே இருக்கும். சுற்று எரிந்து வாடை வரும்வரை அது வாய் திறக்காது.

சரியாக 16இல் வைத்த ரிலே அடிக்கடி விழுகிறது, அதாவது மோட்டாரை நிறுத்திவிடுகிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிரம்மில் தோலை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், மின்சாரம் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்று போயிருக்கலாம். நம் பகுதியில் கடைசிக் காரணத்துக்குத் தனி வரலாறே உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என எங்கே போனாலும், தோலிலிருந்து மயிர் நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் அமிலம் கலந்த நீரைச் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு ஸ்டார்ட்டர் இருக்கும் மின்பெட்டியான பேனலுக்குள் புகுந்து, கம்பி முனைகளை போல்ட்டில் இணைக்கும் தாமிர லக்குகளைக் கருக்கவைக்கும். கருத்த இணைப்பில் தடை கூடும், தடையால் சூடேறும், சூட்டால் போல்ட் தளரும், ஒரு நாள் அந்த பேஸ் அறுந்துபோகும். முழுச்சுமையில் இருக்கும் மோட்டார் அப்போது மற்ற இரண்டு பேஸிலிருந்து ஏறக்குறைய 1.7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ரிலே விழுந்ததும் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவனுக்கும், கிளாம்ப் மீட்டரை எடுத்து மூன்று பேஸையும் தனித்தனியே அளந்து பார்க்கிறவனுக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் தெரியும்.

இந்தப் பழக்கத்தை வகுப்பறை தராது. அருகில் நின்று ஏன் விழுந்தது என்று கேட்டு நச்சரிக்கும் மூத்தவர் ஒருவர் வேண்டும். நல்ல நிறுவனத்தில் அப்ரண்டிஸாக இருக்கும் ஓராண்டில் அவர் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒப்பந்த வேலையில் எண்ணிக்கைதான் கணக்கு. பெரும்பாலும் ஒரே வரிசையில், ஒரே வேலையில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அப்ரண்டிஸ் என்று பெயர் சொல்லித் தேநீர் வாங்கி வரவும் துடைப்பம் பிடிக்கவும் விடுகிற இடங்களும் உண்டு என்பதால், சேரும் முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் பையன்களிடம் விசாரித்துக்கொள். பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பதையும் தெரிந்தே சேர். தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கையில் இருந்தால் பொதுத்துறை விண்ணப்பங்களில் அது உதவும். பிற்பாடு தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழையும் வாங்கிக்கொள்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்துப் பார். அதன்பின் மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். சுவிட்சை அணைத்து உன் பூட்டைப் போட்டு, சாவியை உன் சட்டைப்பையில் வைத்துக்கொள். மேற்பார்வையாளரே கேட்டாலும் கொடுக்காதே. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், 415 வோல்ட்டில் இயங்கும் டிரைவின் உள்ளே மின்தேக்கிகளில் ஏறக்குறைய 587 வோல்ட் டி.சி. மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், அணைத்த பிறகும் அதன் மேலே எழுதியுள்ள நிமிடங்கள் கழியும்வரை மூடியைத் திறக்காதே. கழிவுநீர்க் குழியில் பம்ப் நின்றுவிட்டது, இறங்கிப் பார் என்று யார் சொன்னாலும், வாயு அளக்கும் கருவியும் காற்றோட்டமும் மேலே கயிறோடு ஆளும் இல்லாமல் இறங்காதே. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் இல்லை, பயமில்லை என்று எவனாவது சொன்னால் அவன் பேச்சைக் கேட்காதே.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வை. பொதுவான மோட்டார்களின் திறன் 40 பாகை சுற்றுப்புற வெப்பத்துக்குக் கணக்கிட்டது; கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே அது தாண்டிவிடும், தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். மே மாதத்தில் வரும் புகார்களில் பல இதனால்தான்.

விடுமுறை விஷயத்தில் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆலை நிற்கும் ரம்ஜான், பக்ரீத், பொங்கல் நாட்களில்தான் பேனலைத் திறந்து போல்ட்டுகளை இறுக்கவும், 500 வோல்ட் மெக்கரால் மோட்டார்ச் சுற்றுகளின் காப்பைச் சோதிக்கவும் முடியும். ஆயுத பூஜைக்கு எல்லோரும் பேனல் கதவில் சந்தனம் வைத்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நீ மட்டும் ஸ்பேனரோடு நிற்பாய். உன் அத்தை இதற்காக என்னோடு போட்ட சண்டைகளை அவளிடமே கேட்டுக்கொள்.

ஒப்பந்ததாரருக்கு இந்த வாரம் பதில் சொல்லாதே. ஐ.டி.ஐ. மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அப்ரண்டிஸ் இணையதளத்தில் உன் பெயரைப் பதிவு செய்துவிட்டு, விண்ணப்பிக்க வேண்டிய இடங்களைச் சேர்ந்து பார்ப்போம். அக்காவிடம் சம்பள விஷயத்தை நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா