99.4 என்ற எண்ணை நம்பி ஊசி போட்டுக்கொள்ளும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் கூட்டாகச் சேர்ந்து பெப்டைடு (சிறிய புரதம் போன்ற மருந்து) வாங்கி, கூட்டாகவே காசு போட்டு அதைச் சோதனைக்கும் அனுப்பும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில், பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியின் முன்னால்தான் பாதி நாள் போகிறது. உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் என் தங்கை உங்களைப் போன்ற ஒரு குழுவில் இருக்கிறாள், நியூ ஜெர்சியில். அவள் அனுப்பிய ஒரு தாள்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

"அண்ணா, பயப்படாதே. தனி லேப்ல டெஸ்ட் பண்ணியிருக்காங்க, தூய்மை 99.4 சதவீதம் வந்திருக்கு" என்று அந்தத் தாளின் படத்தை அனுப்பினாள். மருந்து டிர்ஸெபடைடு, சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடும் ஊசி. பெயர் பெற்ற கம்பெனியின் ஊசிப் பேனாவுக்கு அப்போது பட்டியல் விலை மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. அவளுடைய காப்பீடு அதற்குப் பணம் தர மறுத்துவிட்டது. குழு வழியாக வந்ததோ லேபிளே இல்லாத, நீல மூடி போட்ட சின்னக் குப்பிகள். விற்பவரின் பக்கத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று போட்டிருந்தது. அவள் ஏன் அங்கே போனாள் என்று எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் சர்க்கரையால் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் அவள். உங்களையோ அவளையோ திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை.

மூன்றாவது குப்பியைத் தொடங்கிய இரவு, ஊசி போட்ட இரண்டு மணி நேரத்தில் அவளுக்குக் குளிர் நடுக்கம், 102 டிகிரி காய்ச்சல். விடிவதற்குள் இறங்கிவிட்டது. அந்தக் குப்பிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஊசி மருந்தில் எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) இருந்தால் உடம்பு இப்படித்தான் காட்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்தது. அந்தத் தாளை மறுபடி எடுத்து, வேலையில் படிப்பதுபோல வரிவரியாகப் படித்தேன்.

தேதி ஏழு மாதம் பழையது. சாம்பிள் அனுப்பியவர் என்ற இடத்தில் விற்பவரின் பெயர். சோதித்தது ஒரே ஒரு குப்பி. எண்டோடாக்சின் சோதனை கிடையாது, உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி சோதனையும் கிடையாது. லேப் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்த குப்பியைச் சோதித்துக் கிடைத்ததை எழுதியிருக்கிறது. அந்தக் குப்பிக்கும் என் தங்கையின் ஃப்ரிட்ஜில் இருந்த குப்பிக்கும் என்ன உறவு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

சரி, 99.4 என்றால் என்ன? எச்.பி.எல்.சி.யில் மருந்தைக் கரைத்து ஒரு குழாய் வழியாக அனுப்புவோம். வெளியே வரும் பொருள்கள் புற ஊதா ஒளியை, வழக்கமாக 214 அல்லது 220 நானோமீட்டரில், எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று கருவி வரையும். அந்த மேடுகளின் மொத்தப் பரப்பில் முக்கிய மேட்டின் பங்குதான் இந்தச் சதவீதம். அந்த ஒளியை உறிஞ்சாத எதுவும் கணக்கிலேயே வராது. ஈரம், மேனிட்டால் (தூளில் சேர்க்கும் சர்க்கரை போன்ற நிரப்பி), பல உப்புகள், உலோகத் துணுக்கு எல்லாம் அப்படித்தான். எண்டோடாக்சின் தீங்கு செய்யும் அளவு இருந்தாலும் அந்தப் படத்தில் தெரியாது. தூளில் 99.4 சதவீதம் மருந்து என்று அதற்கு அர்த்தமே இல்லை. பத்து மில்லிகிராம் என்று விற்கப்பட்ட குப்பியில் ஏழு இருக்கலாம், பதின்மூன்றும் இருக்கலாம். இரண்டுக்கும் தூய்மை 99.4 என்றே வரும். அளவைத் தனியாகக் கணக்கிட வேண்டும். வாரம் 2.5 மில்லிகிராமில் தொடங்க வேண்டிய மருந்தில் இந்த வித்தியாசம் வாந்தியாக வெளியே வரும்.

மீதி 0.6 பற்றியும் யாரும் கேட்பதில்லை. லிராகுளுடைடு, குளுககான் உள்ளிட்ட ஐந்து பெப்டைடுகளுக்கு ஜெனரிக் (அசலுக்கு இணையான நகல் மருந்து) செய்ய வருபவர்களுக்காக, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அசல் மருந்தில் இல்லாத ஒரு புதிய பெப்டைடுக் கலப்பு 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வழியில் ஏற்க மாட்டார்கள். 0.10-ஐத் தாண்டினாலே அது என்னவென்று அடையாளம் காட்ட வேண்டும். உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுமோ என்பதுதான் பயம். உங்கள் தாளில் அந்த 0.6 ஒரே பொருளா, பத்துப் பொருளா என்பது கூட இருக்காது.

கிருமி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனசு அடித்துக்கொள்வது இங்கேதான். மருந்துத் தர விதிநூலான அமெரிக்கப் பார்மகோபியாப்படி, ஐந்நூறுக்கு மேல் குப்பிகள் உள்ள ஒரு பேட்சுக்கு (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கு) ஸ்டெரிலிட்டி பார்க்க இருபது குப்பிகள் வரை எடுத்து, பதினான்கு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஒரு குப்பியில் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதைச் சோதித்தாலும் அந்தப் பேட்ச் பாஸ் ஆக 82 சதவீத வாய்ப்பு உண்டு. கால்குலேட்டரில் 0.99-ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள். அதனால்தான் நாங்கள் கடைசிச் சோதனையை மட்டும் நம்புவதில்லை. காற்று, தண்ணீர், அறை, ஆட்களின் கையுறை வரை தினம் சோதிக்கிறோம். மருந்துக்குப் பதிலாகக் கிருமி வளரும் திரவத்தையே நிரப்பி, குப்பி நிரப்பும் இயந்திர வரிசை சுத்தமாக ஓடுகிறதா என்று பார்க்கிறோம். எந்த அறையில் நிரப்பினார்கள் என்றே தெரியாத குப்பிக்கு இதில் ஒன்றுமே கிடையாது.

உங்களில் சிலர் 0.22 மைக்ரான் ஃபில்டர் வைத்து வடிகட்டிக்கொள்வதாகத் தங்கை சொன்னாள். அது பாக்டீரியாவைப் பிடிக்கும். செத்த பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சினைப் பிடிக்காது. எங்கள் கண்ணாடிக் குப்பிகளிலிருந்து அதை எரித்து நீக்க 250 டிகிரி செல்சியஸ் சூடு கொடுக்கிறோம் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

சோதனை என்பது நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். 2007 கடைசியிலும் 2008-லும் அமெரிக்காவில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி போட்ட நோயாளிகளுக்குத் திடீரென ரத்த அழுத்தம் விழுந்தது, இறப்புகளும் பதிவாயின. சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் ஹெப்பரினைப் போலவே தோன்றும் ஓவர்சல்பேட்டட் காண்ட்ராய்டின் சல்பேட் என்ற வேறொரு பொருள் கலந்திருந்தது. அன்றைய வழக்கமான சோதனைகளை அது தாண்டி வந்திருந்தது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். போன்ற வேறு முறைகளில் தேடிய பிறகே பிடிபட்டது. அது முறையான மருந்து, முறையான மருத்துவமனைகளில் போடப்பட்டது.

தனி லேபுகளை நான் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் இன்னும் இருட்டு. நான் என்றால் இந்தக் குப்பிகளைத் தொடமாட்டேன், இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்பவர்களிடம் சிலது கேட்கிறேன். விற்பவர் அனுப்பிய குப்பியின் தாளைச் சோதனை என்றே எண்ணாதீர்கள். உங்கள் பார்சல்கள் வந்து சேர்ந்த பிறகு, வெவ்வேறு வீடுகளிலிருந்து கண்ணை மூடி எடுத்த குப்பிகளை அனுப்புங்கள், முடிந்தால் இரண்டு லேபுக்கு. அளவுக்கும் எண்டோடாக்சினுக்கும் சேர்த்துப் பணம் கட்டுங்கள். தாளில் இருக்கும் அறிக்கை எண்ணை லேபின் இணையதளத்திலேயே போட்டுச் சரிபாருங்கள், பி.டி.எஃப்.-ஐத் திருத்துவது பெரிய வேலை இல்லை. மூடியின் நிறத்தைப் பேட்ச் எண் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், பணம் வசூலித்து ஆர்டர் போடும் நண்பருக்கு விற்பவர் இலவசக் குப்பி தருகிறாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மோசமான முடிவு வந்தால் அதை வெளியே சொல்ல அவருக்குக் கை வருமா? தங்கையின் குழுவில் ஒரு முறை அளவு குறைவாக வந்த தாளை, 'சப்ளையர் கோபித்துக்கொள்வார்' என்று யாருக்கும் காட்டாமல் வைத்துவிட்டார்கள். அவளுக்கே அது காய்ச்சலுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபெயில் ஆன தாளை மறைத்தால் மற்ற தாள்கள் எல்லாமே பொய்யாகிவிடும்.

உங்கள் டாக்டரிடம் என்ன போட்டுக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் 'பழகிவிடும்' என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

தங்கை ஊசியை நிறுத்திவிட்டு, முறையான வழி ஏதாவது உண்டா என்று டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறாள். ஃப்ரிட்ஜில் இன்னும் நான்கு குப்பிகள் இருக்கின்றன. அதில் இரண்டை எண்டோடாக்சினுக்கும் அளவுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், செலவு என்னுடையது. முடிவு நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும் தாளை அப்படியே அவள் குழுவில் எல்லோருக்கும் அனுப்புவாள்.

அன்புடன்,
தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன்