அக்டோபரில் 42 சிகரம் ஓடப் போகும் லண்டன் நண்பர்களுக்கு

அன்பான அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கையருக்கு,

உங்கள் அறிவித்தலைப் பார்த்தேன். வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டுவதற்காக, 12 பேர் சேர்ந்து அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை காலை 6 மணிக்கு வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இருக்கிற கெசிக் ஊரில் புறப்பட்டு, 42 சிகரம் ஏறி இறங்கித் திரும்ப அங்கேயே வருகிற 'பாப் கிரஹாம் சுற்று' முழுவதையும் 24 மணி நேரத்தில் ஓடி முடிக்கப் போகிறீர்கள். டீ-ஷேர்ட்டும் அடித்தாயிற்று. நல்ல காரியம், என் பங்கை அனுப்பிவிட்டேன். நாளையும் நேரத்தையும் மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். குழுவின் மூத்தவர் ஒருவரோடு தனியாகவும் கதைத்தேன். "நாங்கள் எல்லாரும் மரதன் ஓடின ஆட்கள் தம்பி" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் யார் என்று கேட்பீர்கள். பிரெஸ்டனில் இருக்கிறேன். எட்டு வருடமாக லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ஓடுகிறேன். இந்தச் சுற்றை ஒருமுறை முயன்று, வழியில் வாஸ்டேல் என்ற பள்ளத்தாக்கில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, திரும்ப எழும்பாமல் விட்டவன். முடித்தவர்கள் கால் வலியைப் பற்றிச் சொல்வார்கள். முடிக்காதவனுக்குத்தான் எந்த இடத்தில் கணக்குப் பிழைத்தது என்று நாள் தவறாமல் நினைவு வரும்.

மரதனில் தூரம்தான் கணக்கு. இங்கே தூரம் சுமார் 106 கிலோமீட்டர். 24 மணி நேரத்தால் பிரித்தால் மணிக்கு நாலரை கிலோமீட்டர்கூட இல்லை, கடைக்குப் போகிற நடை. உங்களை ஏமாற்றியது இந்த எண்தான் என்று நினைக்கிறேன். ஏற்றத்தையும் சேருங்கள்: ஏறத்தாழ 27,000 அடி. மலை நடைக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்த 106 கிலோமீட்டர், அதாவது 66 மைலுக்கு 22 மணி, ஏற்றத்துக்குப் பதின்மூன்றரை மணி. மொத்தம் முப்பத்தைந்தரை மணி நேரம். நல்ல நடைக்காரர் நிற்காமல், சாப்பிடாமல், வழி தவறாமல் போனால் வருகிற கணக்கு அது. அதில் பதினொன்றரை மணி நேரத்தை நீங்கள் எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டும்.

கெசிக்கில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரஹாம் 1932 ஜூனில் இதை 23 மணி 39 நிமிடத்தில் முடித்தார். மலைகளைப் பழகுவதற்காக முன்கூட்டியே வெறுங்காலோடு நடந்து பார்த்தார், சப்பாத்துத் தேயக்கூடாது என்று அப்படிச் செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ என்னவோ, பாதையைப் பார்த்து வைத்திருந்தவர் அவர். அடுத்த ஆள் 24 மணிக்குள் முடிக்க 1960 வரை, 28 வருடம் ஆனது.

சரி, உங்கள் அட்டவணைக்கு வருவோம். சுற்றைத் தார்ச்சாலைகள் ஐந்து துண்டாக வெட்டுகின்றன: கெசிக்கிலிருந்து திரெல்கெல்ட், அங்கிருந்து டன்மெயில் ரெய்ஸ், பிறகு வாஸ்டேல், ஹானிஸ்டர், திரும்பக் கெசிக். சிகரங்கள் முறையே 3, 12, 15, 9, 3. சாப்பாடு, மாற்றுக் காலுறை, கூட வருகிற ஆள் எல்லாம் இந்தச் சாலைகளில்தான் கிடைக்கும். ஆகவே கணக்கைச் சாலையிலிருந்து சாலைக்குப் போடுங்கள். சுமார் 23 மணி நேரத்தில் முடிக்கிற ஆளுக்கு முதல் துண்டு நாலு மணி, இரண்டாவது ஐந்து, மூன்றாவது ஆறு என்று வையுங்கள். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் டன்மெயில் ரெய்ஸில் பிற்பகல் 3 மணி. மூன்றாவது துண்டின் கடைசிச் சிகரமான ஸ்கோஃபெல்லுக்கு இரவு எட்டரை. அந்த வாரம் அங்கே மாலை ஆறரை வாக்கில் பொழுது சாய்ந்துவிடும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்கோஃபெல் பைக் 978 மீட்டர். அதற்கும் பக்கத்துச் சிகரமான ஸ்கோஃபெல்லுக்கும் நடுவில் மிக்கில்டோர் என்ற கணவாய். உங்கள் அறிவித்தலில் இருக்கும், தொலைபேசி வரைந்த வழிக்கோடு அங்கிருந்து நேராக மேலே போகிறது. அந்த நேர்வழியின் பெயர் பிராட் ஸ்டாண்ட், அது வெறும் பாறை. கயிறு தெரிந்தவர் துணையோடு ஏறுகிற இடம், பலர் விழுந்த இடம். மற்றவர்கள் ஒரு பக்கம் கீழே இறங்கி ஃபாக்ஸஸ் டார்ன் வழியாகவோ, மறு பக்கம் லார்ட்ஸ் ரேக் வழியாகவோ சுற்றி ஏற வேண்டும். முதலாவதில் தண்ணீர் ஓடும் வழுக்குப் பாறை, இரண்டாவதில் காலடியில் நழுவும் கல். இருட்டில், மழையில், 12 பேர் வரிசையாக ஏறினால் முன்னால் போகிறவர் தட்டிவிடும் கல் பின்னால் வருகிறவரின் தலைக்குத்தான் வரும். வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிற சீத்வெயிட்தான் இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர். அக்டோபரில் காய்ந்த பாறை கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

ஆகவே ஜூன் கடைசிக்கு மாற்றுங்கள், அப்போது அதே இடத்தில் 17 மணி நேரம் வெளிச்சம். இரவு 7 மணிக்குப் புறப்பட்டால் இருட்டு முழுக்க இரண்டாவது துண்டான ஹெல்வெல்லின் தொடரில் கழியும். அது அகலமான புல்முதுகு, கிழக்கு விளிம்பை மட்டும் விலக்கிப் போனால் போதும். ஸ்கோஃபெல் காலை ஒன்பதரை வாக்கில் வரும்.

அப்புறம் அந்தப் படம் எடுக்கிற விஷயம். ஒவ்வொரு சிகரத்திலும் பதாகை பிடித்துக் குழுப்படம் என்று போட்டிருக்கிறீர்கள். சிகரத்துக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 84 நிமிடம்! நான் வாஸ்டேலுக்கு 50 நிமிடம் பிந்தி வந்தவன். மூன்றாவது துண்டில் வரும் ஹை ரெய்ஸ் மேட்டில் பனிமூட்டத்துக்குள் திசைகாட்டியை எடுக்கப் பஞ்சிப்பட்டு, தெரிந்த இடம்தானே என்று நடந்து தவறவிட்ட நேரம் அதில் பாதி. மீதி, நடுச்சாமத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாததால் போனது. அவித்த உருளைக்கிழங்கு பையிலேயே கிடந்தது. வாஸ்டேலுக்கு எதிரே அடுத்த துண்டின் முதல் மலையான யூபாரோ சுவர் மாதிரி நிற்கும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்தவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தும் பலனில்லை. உங்கள் திட்டத்தில் தேத்தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை, 12 பேரும் ஓடுகிறீர்கள். வாஸ்டேலுக்குக் கெசிக்கிலிருந்து மலையைச் சுற்றிக் காரில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொலைபேசித் தொடர்பையும் நம்ப முடியாது. யாராவது விழுந்தால் தேடி வருகிறவர்கள் சம்பளம் வாங்காத மலை மீட்புத் தொண்டர்கள்.

இதை அஞ்சலோட்டமாக மாற்றுங்கள். ஐந்து துண்டு, 12 பேர்: 2, 3, 3, 2, 2. மற்றவர்கள் கார் ஓட்டட்டும், சாப்பாடு கொடுக்கட்டும். ஒவ்வொருவரும் தன் துண்டைப் பகலில் இரண்டு தரம், இரவில் ஓட வேண்டியவர் இரவிலும் ஒரு தரம் போய்ப் பார்க்கட்டும். காசு கொடுத்தவர்களில் ஒருவர்கூட ஜூனில் ஓடினால் திருப்பித் தா என்று கேட்கமாட்டார். டீ-ஷேர்ட்டில் திகதி அச்சடித்திருந்தால் அதன் மேல் ஒரு துணித் துண்டைத் தைத்துவிடலாம், என் மனைவி தைத்துத் தருவதாகச் சொல்கிறார்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் திரெல்கெல்ட்டில் நிற்பேன். இரண்டாவது துண்டு போகலாம். மழைச் சட்டை, மழைக் காற்சட்டை, வரைபடம், திசைகாட்டி, விசில், தலையில் கட்டும் டோர்ச், சாப்பாடு எல்லாம் ஆளுக்கொன்று வேண்டும், பங்கு போட முடியாது. சாலைச் சப்பாத்தோடு வர வேண்டாம். புட்டு நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பிரெஸ்டனிலிருந்து ஒரு தம்பி