படியோரத்துக் கம்பி

மஸ்கெலியா

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மழை விட்டதும் எழுதலாம் என்றிருந்தேன். இந்த ஊரில் மழை விடும்வரை காத்திருந்தால் எழுதின மாதிரிதான். மூட்டு வலி அப்படியே இருக்கிறது. பென்ஷன் ஒழுங்காக வருகிறது.

ஸ்கொட்லாந்தில் நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். தேசியப் பராமரிப்புச் சேவை என்று 2022இல் பெரிதாக மசோதா கொண்டுவந்து, 2025 ஜனவரியில் அந்த யோசனையையே கைவிட்டுவிட்டார்கள். ஆனால் கொரோனாக் காலத்தில் இல்லத்துக்குள் இருந்த தாயைப் பார்க்க முடியாமல் தவித்த ஒரு மகள் தொடங்கிவைத்த கோரிக்கை, 'ஆனின் சட்டம்' என்று பெயர் பெற்று, அதே ஆண்டு ஜூனில் நிறைவேறிய சட்டத்துக்குள் இடம்பிடித்துவிட்டது. பெரியவர்கள் போட்ட திட்டம் போயிற்று, கதவுக்கு வெளியே நின்றவளின் கோரிக்கை நின்றது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி என் கதையைக் கேள், சிரிக்காதே. எங்கள் தேயிலைத் தோட்டத்து முதியோருக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் என்ன தேவை என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். படித்தவன் ஆயிற்றே, மேசையில் உட்கார்ந்து ஒரே மாலையில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியே சக்கர நாற்காலி. வந்தும் சேர்ந்தது. ஆறு மாதம் கழித்துக் கீழ் லயத்து வரிசை வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் போனால், நாற்காலி முன்வாசல் இஸ்தோப்பில் நிற்கிறது, அதன்மேல் விறகு அடுக்கியிருக்கிறது, விறகின்மேல் கோழி.

"நல்ல சாமான், மாஸ்டர். விறகு நனையவே இல்லை" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார்.

அந்த லயத்திலிருந்து ரோட்டுக்கு அறுபத்தொரு படி. நான் எண்ணிப் பார்த்தது அன்றைக்குத்தான். வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். "படியோரம் ஒரு கம்பி நட்டால் போதும். கோயிலுக்கு நானே ஏறிவிடுவேன். மகள் முதுகில் போக வெட்கமாக இருக்கிறது." கொழுந்துக் கூடையோடு நாற்பது வருடம் அதே படியில் ஏறி இறங்கியவர்.

நான் மட்டுமா இப்படி? அரசின் அஸ்வெசும நலன்புரி உதவித் திட்டம் 2023இல் தொடங்கி, பயனாளிகளின் முதல் பட்டியல் வந்ததும் மேன்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தனவே! படிவத்தை நிரப்பியவர்களுக்கு அதன் கேள்விகளில் பங்கு இருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அவர்களைப் பற்றிய முடிவுகளை அவர்களோடு கலந்து எடுக்க வேண்டும் என்று அதன் 4ஆம் உறுப்புரை தெளிவாகச் சொல்கிறது. கையெழுத்துப் போடும்போது வாசித்தார்களோ என்னவோ.

அப்புறம் நாங்களும் ஒரு கூட்டம் போட்டோம். வேலை நாள், காலை பத்து மணி. கைத்தாங்கலாக அழைத்து வர வேண்டியவர்கள் எல்லாம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, யார் வருவார்கள்? அடுத்ததை ஞாயிற்றுக்கிழமை, பாட்டியின் இஸ்தோப்பிலேயே வைத்தோம். பதினான்கு பேர் வந்தார்கள்.

வந்தும் என்ன, பேனாவைக் கண்டால் எல்லோரும் "உங்கள் விருப்பம்தான், மாஸ்டர்" என்கிறார்கள். கங்காணி காலத்திலிருந்து பழகிய பதில். பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. காது கேளாத ஒருவருக்கு மட்டும் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்கள் இல்லத்தில் இப்படிப்பட்டவர்களிடம் எப்படிக் கேட்கிறீர்கள்? தாதிகள் சொல்வதை எழுதாதே, நீ கண்ணால் பார்த்ததை எழுது.

கம்பி இருபதாம் படிவரை வந்து, காசில்லாமல் நிற்கிறது. பாட்டி தினமும் பின்னேரம் அதுவரை ஏறி, உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு இறங்குகிறார்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்