கான்கிரீட் ஊற்றும் முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய புது வீட்டு வரைபடத்தை இரண்டு நாளாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேல்தளம் அழகாக வந்திருக்கிறது. சமையலறை ஜன்னல் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் கண் மட்டும் திரும்பத் திரும்ப பேஸ்மென்ட், அதாவது நிலத்துக்குக் கீழே வரும் தளத்தின் பக்கத்துக்கே போகிறது. ‘சுவர் உயரம் 8 அடி’ என்று போட்டிருக்கிறார்கள். அறைகளுக்குக் காற்று கொண்டுபோகும் தகரக் குழாய், அந்த டக்ட், எந்த வழியாகப் போகும் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை.

நம் பழைய வீட்டு பேஸ்மென்ட் உனக்கு மறந்திருக்காது. படி இறங்கி முடிகிற இடத்தில் குறுக்கே அந்தத் தகர டக்ட். நீ சின்னவள், அதன் அடியில் ஓடிப் போய்விடுவாய். அண்ணன் வளர வளர நெற்றியில் இடித்துக்கொண்டே இருந்தான். அம்மா பழைய துண்டை மடித்து, தகரத்தின் விளிம்பில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டினாள். வீட்டை விற்கும்வரை அந்தத் துண்டு அங்கேதான் இருந்தது. டக்ட் போட வந்தவர்மேல் குறை சொல்ல முடியாது. அவர் வந்தபோது பீம் ஏறியாயிற்று, கழிவுக் குழாய் ஓடியாயிற்று, மிச்சமிருந்த ஒரே வழியில் போட்டுவிட்டுப் போனார். வரைபடம் கையில் இருந்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் உனக்கு இப்போது எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போடு. 8 அடிச் சுவர் என்றால் 96 அங்குலம். உள்ளே ஊற்றும் கான்கிரீட் தரை அதில் 4 அங்குலம் தின்றுவிடும். சுவர்மேல் படுக்க வைக்கும் மரக்கட்டை ஒன்றரை அங்குலம் திருப்பிக் கொடுக்கும். ஆக மேல்தளத் தரையைத் தாங்கும் மரச்சட்டம், அந்த ஜாயிஸ்டின் அடிவரை 93½. தரைக்கு மேல் பலகையும் விரிப்பும் ஓர் அங்குலம், கூரையில் ஜிப்சம் பலகை அரை அங்குலம் போனால் 92. இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் டக்ட் வருகிறது. மெயின் டக்டின் ஆழம் 8 அங்குலம், தொங்கவிடும் பட்டை, மூடி அடிக்கும் கட்டை எல்லாம் சேர்த்து இன்னும் 2. மிஞ்சுவது 82, அதாவது 6 அடி 10 அங்குலம்.

இது எல்லாம் சரியாக நடந்தால். மேலே இருக்கும் கழிவறையின் குழாய் குறுக்கே வந்தால் கதை வேறு. காற்று எப்படி வேண்டுமானாலும் வளைந்து போகும், கழிவுநீர் சரிவில்தான் போகும். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் 16 அடி ஓடுவதற்குள் குழாய் 4 அங்குலம் இறங்கிவிடும். குழாய் விட்டுக்கொடுக்காது, டக்ட்தான் கீழே இறங்க வேண்டும். அப்போது மாப்பிள்ளைக்குத் தலைக்குமேல் என்ன மிஞ்சும் என்று நீயே பார்.

அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றும் ஐஆர்சி என்ற வீட்டுக் கட்டுமான விதி, ஆள் புழங்கும் அறைக்கு 7 அடி கேட்கிறது. பேஸ்மென்டில் பீம், டக்ட் மட்டும் 6 அடி 4 அங்குலம்வரை இறங்கலாம் என்று விட்டுக்கொடுக்கிறது. அதனால் பரிசோதகர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதே. உங்கள் பகுதியில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று நகராட்சியில் கேட்டுக்கொள்.

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: சுவரை 9 அடியாக்கச் சொல். குழி தோண்டும் முன் இது கூடுதல் கான்கிரீட், கூடுதல் மண் வேலை, அவ்வளவுதான். ஊற்றி இறுகிய பிறகு எந்தப் பணத்தாலும் சுலபமாகத் திருத்த முடியாது. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மண்ணில் நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது, தெருவில் போகும் கழிவுநீர்க் குழாய் எந்த ஆழத்தில் இருக்கிறது. பேஸ்மென்டில் கழிவறை வைக்க நினைத்தால் இரண்டாவது முக்கியம். அதோடு படிக்கட்டும் மாறும். ஓர் அடி கூடினால் கிட்டத்தட்ட இரண்டு படி கூடும், அதற்கு 20 அங்குல நீளம் வேண்டும். மேல்தளத் தரையில் விடும் திறப்பும் அதற்கேற்ப நீள வேண்டும். இதை மறந்துவிட்டு, கடைசியில் படியைச் செங்குத்தாக்கிவிடுவார்கள்.

உயரம் கூடினாலும் டக்ட் போகும் வழியை விட்டுவிடாதே. மெயின் டக்டை பீமை ஒட்டி, அதே திசையில் ஓட்டச் சொல். பீம் எப்படியும் கீழே தொங்கத்தான் போகிறது. இரண்டையும் ஒரே பெட்டியாக மூடிவிட்டால் மற்ற இடமெல்லாம் முழு உயரத்துக்குத் திறந்திருக்கும். காற்றைச் சூடாக்கி அனுப்பும் ஃபர்னஸ் வீட்டின் நடுப்பக்கம் இருந்தால் டக்டின் நீளம் குறையும். உங்கள் வரைபடத்தில் அது மூலையில் இருக்கிறது. ஜாயிஸ்டுக்குப் பதிலாக, திறந்த சட்டமாக வரும் டிரஸ் போடுவதானால் கிளை டக்டெல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். மெயின் டக்டுக்கு நடுவில் சதுரத் திறப்பு வேண்டுமென்றால் டிரஸ் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு யாரும் அதில் ரம்பம் வைக்கக் கூடாது.

‘டக்டைத் தட்டையாக்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதே. 8-க்கு 20 டக்டும் 5-க்கு 32 டக்டும் ஒரே பரப்பளவுதான். ஆனால் முதலாவதன் சுற்றளவு 56 அங்குலம், இரண்டாவது 74. அவ்வளவு தகரத்தையும் உரசிக்கொண்டுதான் காற்று போக வேண்டும். கடைசி அறைக்குப் போய்ச் சேரும்போது அதற்கு வேகம் இருக்காது. அந்தக் கடைசி அறை குழந்தையின் அறையாக இருக்கிறது, அதையும் பார்த்தேன்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன், கட்டுபவர், மரச்சட்ட வேலைக்காரர், பிளம்பர், டக்ட் போடுபவர் நால்வரையும் ஒரே நாளில் உட்கார வை. பீம், குழாய், டக்ட் மூன்றும் ஒரே தாளில் வர வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும், முடிந்த தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று எழுதி வாங்கு. படி இறங்கும் இடத்தில் குறுக்கே எதுவும் வரக் கூடாது என்று தனியாகச் சொல்.

அந்தத் தாள் வந்ததும் எனக்கு அனுப்பு, நானும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா