காவலர் போகாத கட்டத்தில் தடை எதற்கு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கேட்ட மிளகாய்த்தூளை அம்மா நேற்றே போஸ்ட் ஆபீஸில் போட்டுவிட்டாள். இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். டிசம்பரில் நாளுக்கொரு புரோகிராமிங் புதிர் போடும் அட்வென்ட் ஆஃப் கோட் 2024, ஆறாம் நாள், இரண்டாம் பகுதி. நேரே நடந்து, தடை வந்தால் வலப்பக்கம் திரும்பும் காவலரை, புதிதாக ஒரே ஒரு தடை வைத்து முடிவில்லாமல் சுற்றவிட எத்தனை கட்டங்களில் முடியும் என்பதுதானே கேள்வி. விடை சரிதான். ஆனால் லேப்டாப் விசிறி முக்கால் நிமிடம் இரைந்தது. "விடைதான் வந்தாச்சேப்பா, அப்புறம் வேகம் எதுக்கு?" என்கிறாய். எனக்கு ஆட்டமே அதற்கப்புறம்தான். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சிப் டெஸ்டிங்கில் இருந்தவன் நான். ஒரு சிப்புக்கு அரை விநாடி மிச்சமானால் ஒரு ஷிப்டில் இன்னும் எத்தனை சிப் போகும் என்று கணக்குப் போட்டே பழகிய புத்தி. புதிர்களைப் போடும் எரிக் வாஸ்டலே, பத்து வருஷப் பழைய கணினியிலும் எதையும் 15 விநாடிக்குள் முடிக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது உன் புரோகிராமைப் பார். 130-க்கு 130 கட்டம். காலியான ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தடையை வைத்து, காவலர் சுழலில் மாட்டுகிறாரா என்று முதலிலிருந்து நடக்கவிடுகிறாய். அவர் கால் படாத கட்டத்தில் தடை வைத்தால் அவருக்கென்ன? முதல் பகுதியில் அவர் நடந்த வழியைக் கண்டுபிடித்தாயே, அந்தக் கட்டங்கள் மட்டும் போதும். அதிலும் ஆரம்பத்திலிருந்து நடக்க வேண்டாம், அந்தக் கட்டத்தை அவர் முதல் தடவை தொடுவதற்கு ஓரடி முன்னால் தொடங்கு.

அடுத்தது, ஒவ்வோர் அடிக்கும் வரிசை, பத்தி, திசை மூன்றையும் ஒரு டியூபிளாகக் கட்டி, வந்துபோன இடங்களைச் சேர்த்துவைக்கும் செட்டில் போடுகிறாய். திரும்பும் இடத்தில் மட்டும் குறித்தால் போதாதா? அதே முனையில் அதே திசையில் மறுபடி வந்தால் சுழல்தான். செட்டும் வேண்டாம். வரிசையை அகலத்தால் பெருக்கிப் பத்தியைக் கூட்டினால் ஒரே எண், அதை இடமாக வைத்து, பைட்டுகளை வரிசையாக அடுக்கிய ஒரு பைட்அர்ரேயில் திசையைக் குறித்துவிடலாம்.

ரஸ்ட் மொழியில் எழுதினால் வேகம் தானாக வரும் என்பான் உன் தம்பி. வரும்தான். ஆனால் வீண் நடை எந்த மொழியில் நடந்தாலும் வீண் நடைதான். முதலில் நடையைக் குறை, மொழியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. டொராண்டோவில் நள்ளிரவு 12 மணிக்குப் புதிர் திறக்கும்போது இங்கே பினாங்கில் பகல் 1 மணி. நான் சோறு சாப்பிட்டுவிட்டு உட்காருகிறேன், நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்காருகிறாய். உலகத் தரவரிசையைத்தான் 2025-இல் எடுத்துவிட்டார்களே, 25 நாளும் 12 ஆகிவிட்டது. யாரை முந்த இந்த விழிப்பு? தூங்கி எழுந்து, பசியாறிவிட்டு எழுது.

சனிக்கிழமை கூப்பிடும்போது எத்தனை மில்லிசெகண்ட் என்று சொல். என்னுடையதை அதுவரை சொல்லமாட்டேன். தம்பியிடம் கேட்டும் பயனில்லை, அவனுக்கும் காட்டவில்லை.

அன்புடன்,
அப்பா
பினாங்கு