நீ கேட்ட கோப்பு

அன்புள்ள தம்பி,

நீ கேட்ட கோப்பை இத்துடன் அனுப்புகிறேன். ‘அப்பா, சைல்ட் சப்போர்ட் என்ற பிள்ளைப் பராமரிப்புக் காசு சம்பந்தமாக அந்தக் காலத்தில் பாராளுமன்றக் குழுவுக்கு நீங்கள் எழுதியவை இன்னும் இருக்கின்றனவா?’ என்று மூன்று கிழமைக்கு முன்னர் செய்தி அனுப்பியிருந்தாய். இருக்கின்றன என்று அன்றிரவே பதில் போட்டேன். அதன் பின்னர் நான்கு தடவை அழைத்தும் நீ எடுக்கவில்லை. பேர்த்துக்கும் மெல்பேணுக்கும் இடையிலுள்ள நேர வித்தியாசம், உன் வேலை நேரம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சொல்ல வேண்டியவற்றைத் தொலைபேசியில் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதால், எழுதுவதே நல்லது என்று இப்போது படுகிறது.

உன் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு நீ எழுதியிருக்கும் கடிதத்தின் வரைவை இரண்டு முறை படித்தேன். உன் வயதில் எனக்கு இவ்வளவு தெளிவு இருக்கவில்லை. வரி கழிப்பதற்கு முந்திய வருமானத்தில் கணக்குப் போடுவதையும், பிள்ளையைப் பார்க்கப் பறந்து வரும் தகப்பனின் செலவு அந்தக் கணக்கில் தானாகச் சேராததையும் நீ எடுத்துச் சொல்லியிருக்கும் விதம் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் பிள்ளையின் தாயைப் பற்றிய பந்தியை எடுத்துவிடு. உறுப்பினரின் அலுவலகத்தில் அதைப் படிப்பவர், இதுவும் ஒரு பழைய குடும்பச் சண்டை என்று அந்தப் பந்தியோடு கடிதத்தை ஒதுக்கிவிடுவார். அதைவிட முக்கியம், அந்தப் பந்தி நியாயமானதும் அல்ல. அவள் எப்படிப்பட்டவள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொரு வரியும் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கோப்பில் இருப்பவற்றை ஆண்டு வாரியாக அடுக்கியிருக்கிறேன். இந்தப் பராமரிப்புக் காசுத் திட்டம் அவுஸ்திரேலியாவில் 1988 இல் தொடங்கியது. அதற்கு முன்னர் நீதிமன்றம் விதித்த பராமரிப்புக் காசைத் தகப்பன்மாரில் பலர் கட்டவேயில்லை என்பதும், பிள்ளைகளோடு நின்ற தாய்மார் அரச உதவியை நம்பியே இருந்தார்கள் என்பதும் உண்மை. இதை ஒளித்து எழுதும் எந்த மனுவும் முதல் பக்கத்திலேயே விழுந்துவிடும். பின்னர் சூத்திரம் வந்தது: கட்டுபவரின் சொந்தச் செலவுக்கென விடும் விலக்குத் தொகை போக, அவருடைய மீதி வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 18 வீதம், இரண்டுக்கு 27, மூன்றுக்கு 32. தாயின் வருமானம் ஒரு நல்ல சம்பள அளவைத் தாண்டினால் மட்டுமே கணக்கில் வரும். இதைப் பற்றி வந்த முறைப்பாடுகளை ஆராய்ந்த பாராளுமன்றக் கூட்டுக் குழு 1994 இல் 163 பரிந்துரைகளைக் கொடுத்தது. நானும் உன் அம்மாவும் பிரிந்தது 1997 இல். அந்தப் பரிந்துரைகளில் எது நடந்தது, எது கிடப்பில் கிடந்தது என்று தேடித் தேடித்தான் நான் இந்த விடயத்துக்குள் இறங்கினேன்.

2003 யூன் மாதத்தில், பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் இருவருடனும் சம நேரம் இருப்பதைச் சட்டத்தின் தொடக்கப் புள்ளியாக்கலாமா என்பதையும் பராமரிப்புக் கணக்கையும் ஆராயும் பொறுப்பைப் பிரதமர் ஜோன் ஹவார்ட்டின் அரசாங்கம் ஒரு குழுவிடம் ஒப்படைத்தபோது, எங்களைப் போன்ற தகப்பன்மார் எல்லோரும் விடிந்துவிட்டது என்றே நினைத்தோம். நான் 11 பக்கத்தில் மனு எழுதினேன். அந்த டிசெம்பரில் வந்த அறிக்கை சம நேரத்தை ஏற்கவில்லை. பராமரிப்புக் கணக்கைத் தனியாக ஒரு செயலணி பார்க்க வேண்டும் என்றது. பேராசிரியர் பற்றிக் பார்க்கின்சன் தலைமையில் அந்தச் செயலணி 2005 இல் அறிக்கை கொடுத்தது. இரு பெற்றோரின் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் இன்றைய சூத்திரம் 2008 யூலை முதலாம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. அன்று உனக்கு 17 வயது. ஆறு வயதுப் பிள்ளைக்காக நான் எழுதத் தொடங்கியதற்கு, அந்தப் பிள்ளை கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

அதோடு முடியவும் இல்லை. 2015 இல் இன்னோர் அறிக்கை வந்தது, 2019 இல் இன்னொரு கூட்டுக் குழு அமைந்தது. 2006 இல் குடும்பச் சட்டத்தில் சேர்த்த சமமான பெற்றோர் பொறுப்பு என்ற அனுமானத்தை 2023 இல் திருத்தி, 2024 மே மாதத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அதைச் சம நேரம் என்று எண்ணி 2006 இல் பலர் மகிழ்ந்தார்கள். அது பிள்ளை பற்றிய பெரிய முடிவுகளை இருவரும் சேர்ந்து எடுப்பதைப் பற்றியது, ஒருபோதும் சம நேரமாக இருந்ததில்லை. அப்படி எண்ண விட்டவர்கள் யாரும் எழுந்து நின்று திருத்தவும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது இதுதான்: ஒரு பக்கத்தார் எங்களைக் கடனாளிகளாகப் பார்த்தார்கள், மறு பக்கத்தார் வாக்குகளாகப் பார்த்தார்கள். ஒரு குழு தன் முன் வந்து அழ விட்டது, அடுத்த குழு அழுததைப் பதிவு செய்தது, அதன் பின்னர் வந்த அமைச்சர் ‘உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துள்ளோம்’ என்று கையெழுத்திட்டார். அப்படிப்பட்ட கடிதங்கள் கோப்பில் ஒன்பது இருக்கின்றன. ஆகையால் உனக்கும் உடனே பதில் வரும் என்று எதிர்பார்க்காதே. எழுதுவதை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் எழுதுவது ஒன்று, கட்டுவது இன்னொன்று. பதில் வரும் வரை ஒன்றை மற்றதற்காக நிறுத்தி வைக்கக் கூடாது.

உன் கோபத்தின் காரணம் எனக்கு விளங்குகிறது. பள்ளி விடுமுறைகளில் பாதி பிள்ளை உன்னோடு நின்றால் 42 இரவு. ஆண்டுக்கு 52 இரவுக்குக் கீழே இருந்தால் சூத்திரத்தில் ஓர் இரவும் இல்லை. 52 ஐத் தொட்டால் பிள்ளையின் செலவில் 24 வீதத்தை நீ நேரடியாகச் சுமந்ததாக எடுத்துக்கொள்வார்கள். பத்து இரவில் இவ்வளவு தூரம் இருப்பது சரியல்ல, அதைக் கட்டாயம் எழுது. ஆனால், பிள்ளையோடு நேரம் செலவிடுவதற்கான செலவு வருமானத்தின் 5 வீதத்தைத் தாண்டினால் மதிப்பீட்டை மாற்றும்படி விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. விமானச் சீட்டுகளின் பற்றுச்சீட்டுகளை வைத்திருக்கிறாயா? விண்ணப்பம் செய். வரி விவரத்தை நேரத்துக்குச் சமர்ப்பி. சமர்ப்பிக்காவிட்டால் அவர்களாகவே ஒரு வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். முடிவு வரும் வரை இப்போதைய தொகையைக் கட்டிக்கொண்டே இரு. இதை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று தெரியும்.

சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிவரப் போனேன். எட்டரைக்குப் போனால் வழக்கமாக அந்த நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடி கதவடியில் நிற்பாள். இந்த முறை வீட்டுச் செருப்போடு வந்து, ‘இந்தத் தவணை நீச்சல் இல்லை, அப்பப்பா’ என்றாள். ஏன் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உள்ளே நின்ற மருமகளிடமும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் தரட்டுமா என்று மட்டும் கேட்டாள். நாங்கள் பூங்காவுக்குப் போய் வந்தோம். போன தவணை முழு நீளமும் நிற்காமல் நீந்தியதாக எனக்கு மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள்.

பொதுவாக ஒரு விடயத்தைச் சொல்கிறேன், உன் கடிதத்துக்கும் பயன்படலாம். பெற்றோர் தமக்குள் நேரடியாகக் கொடுத்து வாங்குவதாகப் பதிந்திருந்தால், மதிப்பிட்ட தொகை முழுவதும் தாயின் கைக்கு வந்துவிட்டது என்றே அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்துக்கொண்டு, ஒரு வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் வீதம் அவருடைய குடும்ப உதவித்தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கிறது. நாங்கள் கொடுக்கும் காசில் பாதி பிள்ளைக்குச் சேராமல் அரசின் கணக்குக்குத் திரும்புகிறது என்று 2003 இல் நாங்கள் கத்தியது இதைத்தான், இன்றுவரை எந்தக் கட்சியும் இதை நேர்மையாகத் தொடவில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தை நாங்கள் அன்று எழுதவில்லை. தகப்பன் கட்டாமல் விட்ட மாதத்திலும் அந்தக் கழிவு நிற்பதில்லை. வராத காசுக்காக வருகிற காசையும் அந்தத் தாய் இழக்கிறாள். அவள் பொறுமை இழந்து வசூலிக்கும் பொறுப்பை அரசிடமே கொடுத்தால், பொதுவாக முந்திய மூன்று மாத நிலுவைதான் வசூலாகும். அதற்கு முன்னையது பெரும்பாலும் போனது போனதுதான். மூன்று மாதம் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

இனி அந்த மற்ற வரி. ‘என் தந்தை ஒரு சதமும் தவறாமல் கட்டியவர், அப்படியிருந்தும் அவருடைய குரலை யாரும் கேட்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு, தம்பி. அது உண்மையல்ல.

2001 இல் நான் நிறுவன வேலையை விட்டுவிட்டு, தெரிந்த ஒருவரின் வியாபாரத்தில் சேர்ந்தது உனக்கு நினைவிருக்கும். பதிவில் மிகச் சிறிய சம்பளம், மீதி வெள்ளிக்கிழமைகளில் கடித உறையில் கைக்கு வரும். வருமானம் குறைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். மதிப்பீடு அடிமட்டத்துக்கு வந்தது. அந்த நாளில் அடிமட்டம் என்பது ஆண்டுக்கு 260 டொலர். வாரத்துக்கு 5 டொலர். 14 மாதம் உனக்காக வாரம் 5 டொலர் கட்டினேன். அந்தக் காலத்தில்தான் நீ கிரிக்கெட் சப்பாத்து கேட்டாய். ‘இருக்கிற காசை எல்லாம் அரசாங்கம் எடுத்துவிடுகிறது, தம்பி’ என்றேன். நீ என் கையைப் பிடித்து, ‘பரவாயில்லை அப்பா, பழையது இன்னும் காணும்’ என்றாய். கடித உறை மேசை லாச்சிக்குள் இருந்தது. பழையதில் உன் பெருவிரல் முட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். அடுத்த மாதம் புதுச் சப்பாத்து உன் அம்மா வாங்கிக் கொடுத்தார்.

ஒரு தவணையும் தவறவிடாத தகப்பன் என்று என் 2003 ஆம் ஆண்டு மனுவின் இரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். தவணை தவறவில்லை என்பது எழுத்தளவில் சரி. உன் அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அவர் இதை உன்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை என்பதை உன் வரைவைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சட்டம் எனக்கு அநியாயம் செய்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். அந்த 11 பக்கத்தில் மற்ற ஒவ்வொரு வரிக்கும் இன்றும் பொறுப்பு நிற்பேன். ஆனால் அந்த அநியாயத்தை நான் யார்மேல் இறக்கி வைத்தேன் என்பதை எந்தக் குழுவிடமும் சொல்லவில்லை.

கோப்பின் அடியில் 2000 ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்று இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் தொங்கியது. நீ என்னோடு தங்கிய இரவுகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் 109 இரவு வந்தால்தான் தொகை குறையும். எனக்கு 98 தான் வந்தது. மீதி 11 இரவுக்காக உன் அம்மாவோடு எத்தனை சண்டை பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ கதிரையில் ஏறி நின்று அந்த வட்டங்களை எண்ணிவிட்டு, ‘நான் இன்றைக்கும் நின்றால் உங்களுக்குக் காசு மிச்சமா?’ என்று கேட்டாய். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஒன்றும் பேசாமல் உன்னை இறக்கிவிட்டேன். எத்தனையோ வீடு மாறியும் அதை எறிய மனம் வரவில்லை. ஒக்டோபர் மாதத்தில் உன் கையால் எழுதிய எண்கள் பென்சிலில் இருக்கின்றன, பார்.

நீ வேலை நாட்களைக் குறைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். அவர் தவறாகச் சொல்லியிருக்கலாம். உடம்புக்கு ஏதாவது என்றால் என்னிடம் சொல், நான் வருகிறேன். இரவில் எந்த நேரமென்றாலும் அழை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாலும் அழை. காரணம் வேறாக இருந்தால், அந்த வழியில் நான் போய் வந்தவன் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

நீச்சல் கட்டணத்தை நான் கட்டுவதற்காகத் திங்கட்கிழமை அங்கே போனேன். அட்டையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அது நான் நிற்க வேண்டிய இடம் அல்ல. இந்தத் தவணைக்கான பதிவு வருகிற வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை திறந்திருக்கும் என்று அங்கிருந்த பிள்ளை சொன்னாள். சனிக்கிழமை எட்டரைக்கு நான் வழக்கம்போலக் காரோடு வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா