வேப்பெண்ணெய் அளவு மட்டும் போதாது, தண்ணீரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வேளாண் பக்கத்தில் வேப்பெண்ணெய் தெளிப்பு பற்றி வரும்போதெல்லாம் லிட்டருக்கு 30 மில்லி எண்ணெய், கொஞ்சம் காதி சோப் கரைசல் என்பதோடு முடிந்துவிடுகிறது. எந்தத் தண்ணீரில் கலப்பது என்று ஒரு வரிகூட இல்லை. சோப்பே நுரைக்காத போர் தண்ணீரை வைத்துக்கொண்டு தெளிப்பவர்களுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

எண்ணெய் தண்ணீரில் கரைவதில்லை. நுண்ணிய துளிகளாக உடைந்து பரவி நிற்கிறது, பால்மம் என்பது அதுதான். ஒவ்வொரு துளியின் மேலும் சோப்பு மெல்லிய உறையாகப் படிந்து எதிர் மின்னூட்டம் கொடுப்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே இருக்கும். சோப்பு நுரைக்காத அந்த உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இரட்டை நேர் மின்னூட்டம் கொண்டவை. அந்தத் தள்ளுவிசையைச் சோடியத்தைவிடப் பல மடங்கு வலுவாக அடக்கிவிடும், போதாததற்குச் சோப்பையே பிடித்துக் கரையாத வெள்ளைத் திரிதிரியாக மாற்றிவிடும். அப்புறம் துளிகள் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டத் தொடங்குகின்றன. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் மேலே ஏறும் வேகம் நான்கு மடங்கு என்பது ஸ்டோக்ஸ் விதி, கொத்துகளும் அப்படித்தான் தனித்துளியை முந்திக்கொண்டு மேலே போய்விடும்.

கொத்தாக இருக்கும் வரை பெரும்பாலும் பயமில்லை, உறை அப்படியே இருப்பதால் நன்றாகக் குலுக்கினால் பிரிந்துவிடும். உறை கிழிந்து துளியோடு துளி கலந்துவிட்டால் குச்சியை விட்டு எவ்வளவு கலக்கினாலும் பழைய நிலை வராது.

இதன் விளைவை வயலில் பார்க்கலாம். முதுகில் மாட்டும் தெளிப்பானில் உறிஞ்சும் குழாய் அடியில் இருக்கிறது, எண்ணெய் மேலே திரண்டுவிட்டால் முதல் வரிசைகளுக்கு வெறும் தண்ணீர்தான் போகும், டேங்க் தீரும் நேரத்தில் கெட்டி எண்ணெய் விழுந்து இலை கருகும். பூச்சி சாகவில்லை, செடியும் கருகிவிட்டது என்று வேப்பெண்ணெய் மேல் பழி விழுகிறது. இயற்கை முறைக்கு மாற நினைப்பவர் இந்த ஒரு அனுபவத்திலேயே விட்டுவிடுகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கடையில் விற்கும் பால்மமாகும் பூச்சிக்கொல்லிகளை லிட்டருக்கு 342 மில்லிகிராம் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு) உள்ள தண்ணீரில் கலந்து, 1 மணி நேரம் வைத்து, எவ்வளவு பிரிகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. குடிநீருக்கே வேறு வழியில்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதி இருக்கிறது, அப்படியென்றால் பாசனக் கிணறுகளை யோசித்துப் பாருங்கள். வீட்டில் கலக்கும் சோப்புக் கரைசலுக்குச் சோதனை எதுவுமே இல்லை.

ஆகவே அடுத்த முறை குறிப்பு வெளியிடும்போது இதையும் சேருங்கள். முதலில் சோப்பை எண்ணெயோடு குழைத்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். டேங்க் நிரப்பும் முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் வந்தால் மழைநீருக்கு மாறலாம், அல்லது மின்னூட்டம் இல்லாத வகைப் பால்மமாக்கி (சோப்புக்குப் பதிலாக எண்ணெயைத் தண்ணீரில் பரவவைக்கும் பொருள்) வாங்கலாம், உப்புத் தண்ணீரில் சோப்பைவிட அது நன்றாகத் தாங்கும். மக்னீசியம் சல்பேட் போன்ற உரத்தை அதே டேங்கில் போடுவது துளிகளை ஒட்டவைக்கும் அந்த மக்னீசியத்தை நாமே கொட்டுவதுதான், அதைத் தனியாகத் தெளிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, தாராபுரம்